மூச்சை விட்டால் பிழைக்கலாம்

புதுக்கோட்டைச் சீமையில், கிணற்றில் விழுந்த குடத்தை முக்குளித்து எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தடி இறங்கினாலே காது வலிக்கும் என்பார்கள். நம்மைச் சூழ்ந்த காற்று மண்டலம் நம்மீது செலுத்தும் அமுக்கம் எவ்வளவோ, அவ்வளவு அமுக்கம் ஜலத்தில் ஒவ்வொரு 33 அடிக்கும் கூடிக்கொண்டே போகும். கோட்டைப்பட்டினத்துக் கரையோரக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல் முழுகுவதற்கே ஆழம் போதாது. அந்தக் கவலை நமக்கில்லை. ஆழ்கடலில் அமிழ்ந்த கப்பலுக்குள் அகப்பட்டவன் பாடுதான் பரிதாபம்.

1941 டிசம்பர் 6-ந் தேதி இரவு, கிரேக்க நாட்டுக் கெபலோனியாத் தீவுக்கருகே 'பெர்ஸியஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் கண்ணிவெடியில் மோதி, 170 அடி ஆழத்தில் போய்ப் படிந்தது. அதன் பின்புறத்து அறையில் ஜான் கேப்ஸ் என்ற மாலுமியும், காயமுற்ற மூன்று தோழர்களும் உயிரோடிருந்தார்கள்.

மூடியைத் திறந்துகொண்டு வெளியே வரவேண்டியதுதானே என்பீர்கள். அந்த ஆழத்தில் இரண்டடி அகலமுள்ள மூடியின்மேல் சுமார் 15 டன் பாரம் உட்கார்ந்திருக்கும்! அதற்கு ஒரே உபாயம், கடலைத் தாமாகவே உள்ளே விடுவதுதான். ஜலம் ஏற ஏற உள்ளிருக்கும் காற்று நெருக்குண்டு, வெளி அமுக்கத்துக்குச் சமமாகும். பிறகே மூடி அசையும். எந்தத் தண்ணீருக்கு அஞ்சினார்களோ அதையே வரவழைத்து, இருட்டில், குளிரில், பொறுமையாகக் காத்து நிற்கவேண்டும்.

வெளியே வந்ததும் மூச்சை அடக்கத்தான் யாருக்கும் தோன்றும். அதுவே யமன். ஆறு பங்கு காற்று ஒரு பங்கு இடத்தில் நெருங்கியிருப்பதால், மேலே எழும்போது அது விரிந்து சுவாசப்பையைக் கிழித்துவிடும். ஆகவே, மூச்சுக்குத் தவிக்கிறவன் மூச்சை விட்டுக்கொண்டே ஏறவேண்டும்! பிறந்தது முதல் உடம்பு அறிந்ததற்கு நேர்மாறான இந்த வித்தையை முன்பே பழகாதவனுக்கு அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யுமா? நம் கடற்படையினருக்கு இதைப் பழக்குவதற்கென்றே விசாகப்பட்டினத்துச் 'சாதவாஹனா' தளத்தில், 2024 செப்டம்பரில் 'வினேத்ரா' என்னும் பயிற்சிக்கூடம் திறக்கப்பட்டது. மனிதன் தானாக ஏறிவர முடியாத ஆழத்துக்கு, 650 மீட்டர் வரை இறங்கும் மீட்பு வாகனமும் 2018 முதல் நம்மிடம் உண்டு.

கேப்ஸ் பிராணவாயுப் பையை அணிந்தே ஏறினார். ஆயினும் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததாம். அவருடன் வெளியேறிய மூவரும் மேலே காணப்படவே இல்லை. அவர் மட்டும் தீவுக்கு நீந்திச் சென்றார். அந்நியப் படை தீவை ஆண்டிருந்தபோதும், தீவினர் அவரை 18 மாதம் ஒளித்து வைத்துக் காத்தார்கள். ஊர் திரும்பிக் கதையைச் சொன்னபோது நம்பாதவர் பலர். 1985-ல் கேப்ஸ் காலமானார். அதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், 1997-ல், கிரேக்க முக்குளிப்பாளர்கள் இறங்கிப் பார்த்தார்கள். பின்புறத்து மூடி, அவர் சொன்னபடியே திறந்து கிடந்தது.