பிடிமண்ணில் வந்த காவல்

அன்று, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள் தோட்டத்து எல்லையில் ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். மரத்தடியில் ஒரு கல், நட்டு வைத்த சூலம், சிவப்புத் துணி. அதுதான் முனியாண்டி. கெடாவில் பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவே பால்மரம் வெட்டியவர்களுக்கு அவர்தான் துணை. கப்பலேறும்போது குலசாமி கோயிலில் எடுத்த பிடிமண்ணை வைத்துத்தான் கோயில் எழுந்தது என்று பல தோட்டங்களில் பெரியவர்கள் சொல்வார்கள்.

காவலுக்கு மண்ணை நம்பியவர்கள் சீனரும்தான். தாங் அரச மரபின் காலத்தில் (618–907) பெரிய மனிதர்களின் கல்லறை வாசலில் சுடுமண் காவல் விலங்குகளைச் சோடியாக நிறுத்தினார்கள். ஒன்றுக்கு மனித முகம், மற்றதற்குச் சிங்க முகம். ஈயம் கலந்த மெருகில் செம்பு பச்சை நிறத்தையும் இரும்பு தேன் நிறத்தையும் கொடுத்தன. கல்லறையை மூடியபின் அவற்றுக்குப் படையலும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்துத் தோண்டியபோதும் பலவற்றில் அந்த நிறம் பளிச்சென்று இருந்தது. இன்றும் இங்குள்ள சீன இடுகாடுகளில் கல்லறைக்குப் பக்கத்தில் நிலதெய்வத்துக்கு ஒரு சிறு கல் நிற்கும். ஏப்ரல் தொடக்கத்தில், முன்னோர் கல்லறைகளுக்குச் சென்று வணங்கும் செங் பெங் வந்தால் அதற்கும் ஊதுபத்தி உண்டு.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் குடியிருப்புத் தாமான்களாகிவிட்டன. லயங்கள் காலியாகி, பிள்ளைகள் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் குடிபெயர்ந்தார்கள். மரத்தடிக் கல் இருந்த இடத்தில் பல ஊர்களில் மீசை முறுக்கிய சிமெண்டு முனீஸ்வரர், கையில் அரிவாளோடு, பளபளக்கும் ஓடு பதித்த தரைமேல் நிற்கிறார். சில சாமிகள் தோட்டத்தோடு மறைந்தே போயின.

கல்லறைக் காவலருக்கு மெருகு போதும். முனியாண்டிக்கு வெள்ளிக்கிழமை விளக்கேற்ற ஒரு கை வேண்டும், சுருட்டு வைக்க ஒரு கை வேண்டும். சிலை பெரிதாவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது எந்தத் தோட்டத்துச் சாமி, யார் வைத்த கல் என்று கோயில் சுவரில் எழுதி வையுங்கள். பழைய கல்லையும் புதுச் சிலையின் காலடியிலேயே வையுங்கள். தாத்தா ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்தார். தோட்டத்திலிருந்து தாமானுக்குக் கொண்டுபோவது நம் முறை.