14ஆம் எண் படுக்கை

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் காலை. முந்தைய நாள் வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மையார், அன்று தம் மகளையே அடையாளம் தெரியாமல் விழித்தார். பள்ளி மணி அடித்துவிட்டது என்று சொல்லி எழ முயன்றார். பல்லாண்டுகள் ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் வார்டுப் பேச்சிலோ அவர் 14ஆம் எண் படுக்கை.

பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று இருப்பது தெரிந்தது. உடலில் நீர்ச்சத்தும் வெகுவாகக் குறைந்திருந்தது. முதியோருக்கு இத்தகைய நிலையில், காய்ச்சல் தெரியும் முன்பே மனக்குழப்பம் தலைகாட்டுவது உண்டு. மருந்தும் சலைனும் ஏறிய பின் படிப்படியாகத் தெளிந்தார். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டபோதுதான் நடந்தது வெளிவந்தது. சிறுநீர்க் குழாயை எடுத்த அன்றிரவு அவர் இருமுறை பெட்பேன் கேட்டிருக்கிறார். இரண்டாம் முறை, இரவுப் பணியில் இருந்த பெண் ஊழியர், "இப்போதுதானே வைத்தோம்" என்று முணுமுணுத்தார். மூன்றாம் முறை, பல இரவுகளாகக் கண் விழித்திருந்த மகளும் அதையே சொன்னார். அதன்பின் அம்மையார் எவரையும் அழைக்கவில்லை. அழைக்கும் தேவையே நேராதிருக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்.

இதில் கொடுமைக்காரர் எவரும் இல்லை. இருவரும் களைத்திருந்தனர், சொன்னதும் இரண்டே சொற்கள். எனினும் அவற்றின் விலையை ஒரு நோயாளியின் உடல் செலுத்தியது. பணிவும் பரிவும் சிகிச்சைக்கு மேல் தூவப்படும் சர்க்கரை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வெட்கப்பட்ட நோயாளி மறைக்கிறார். மாத்திரையை விட்டுவிட்டதற்காக ஒருமுறை திட்டு வாங்கியவர், அடுத்த முறை "சாப்பிட்டேன்" என்றே சொல்வார். அதை நம்பி மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டக்கூடும்.

எண்ணைச் சொல்லி அழைக்கும் வழக்கத்திற்கு வருவோம். அது விரைவுக்காக வந்த வழக்கம். ஆனால் பாதுகாப்பானது அன்று. நோயாளிகள் படுக்கை மாறுவார்கள். அதனால்தான் மருந்தோ இரத்தமோ கொடுக்குமுன், பெயர், பதிவு எண் போன்ற குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்கான விதி. படுக்கை எண் அவற்றுள் சேராது. "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையசைப்பார். ஆகவே, "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்பதே முறை. காலையில் கேட்ட செவிலியரே மாலையிலும் கேட்டால், மறந்துவிட்டார் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மரியாதையும் எச்சரிக்கையும் ஒன்றாகும் இடம் அது.

மறுபுறம், கேட்பவர் தம் பெயரைச் சொல்கிறாரா? இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த கேட் கிரேஞ்சர் என்பவர் முதியோர் மருத்துவத்துறை மருத்துவர். அரிய வகைப் புற்றுநோய்க்கு ஆளான அவர், 2013இல் நோயாளியாக மருத்துவமனையில் இருந்தபோது, தம்மைக் கவனிக்க வந்தவர்களில் பலர் தாம் யாரென்றே சொல்லாமல் பணியைத் தொடங்குவதைக் கண்டார். கட்டிலின் மறுபக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் அக்குறை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. "வணக்கம், என் பெயர்…" என்ற தொடரையே பெயராகக் கொண்டு, கணவருடன் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஊழியர்கள் அத்தொடர் பொறித்த பெயர் அட்டையை அணியலாயினர். 2016 ஜூலையில், தம் 34ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் தமிழில் உண்டு. 'நீ', 'நீங்கள்' என்னும் இரண்டில் ஒன்றை நாம் ஒவ்வொரு முறையும் தேர்ந்தாக வேண்டும். பட்டுக்கரை வேட்டியோடு வந்தவருக்கு 'ஐயா, நீங்கள்'. கூலிவேலை செய்யும் முதியவருக்கு 'என்ன தாத்தா, சாப்பிட்டியா?' இதை நாங்கள் எங்கள் காதாலேயே கேட்டிருக்கிறோம். சில வேளைகளில் எங்கள் வாயிலிருந்தும் வந்திருக்கிறது. 'பாட்டி', 'தாத்தா' என்பன அன்பில் வருபவைதாம். ஆயினும் அறுபதைத் தொட்ட எல்லோரும் அவற்றை விரும்புவதில்லை. எப்படி அழைக்கலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுவதில் நேரமொன்றும் வீணாவதில்லை.

இனி, உடனிருப்போரிடம் சிறிது உரிமையோடு பேசலாம். பார்க்க வருவோர், "எங்கள் தெருவிலும் ஒருவருக்கு இதே நோய்தான் வந்தது" என்று தொடங்கினால் உடனே பேச்சை மாற்றுங்கள். அக்கதைகள் நல்லபடியாக முடிந்து நாங்கள் கேட்டதில்லை! அடுத்த கட்டிலில் இருப்பவரிடம் என்ன நோய் என்று விசாரிக்க வேண்டாம். அவருக்கும் உறக்கம் தேவை. இரவில் கைப்பேசியை ஒலியின்றி வையுங்கள். தூய்மைப் பணியாளர் தரையைத் துடைக்கும்போது சற்றே ஒதுங்கி, காலணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் தொற்றுப் பரவாமல் காப்பதில் அவர் பங்கு எவருடையதற்கும் குறைந்ததன்று. உடனிருப்பவர் தம்மையும் கவனித்துக்கொள்ள வேண்டும். உறங்காத மகளின் நாவில் எரிச்சல் வந்தது வியப்பன்று. இரவுகளை வீட்டார் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளுங்கள். முடியவில்லையெனில் எங்களிடம் சொல்லுங்கள்.

இரவுப் பணியாளரிடம் நடந்ததை எடுத்துச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை; நெடுநேரம் பேசவும் இல்லை. அன்று மாலை பணிக்கு வந்ததும் நேரே அம்மையாரின் கட்டிலுக்குச் சென்று, தம் பெயரைச் சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். "எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் அம்மா. அதற்குத்தான் இருக்கிறேன்" என்றார். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "நீ சாப்பிட்டாயா, அம்மா?" என்று அவரைக் கேட்டார் தலைமையாசிரியை. அன்றிரவு அவர் மூன்று முறை அழைத்ததாக வார்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது.