கண்ணில் ஊசியா? ஐயையோ!

"எனக்குக் கண்ணே தெரியாமப் போனாலும் பரவாயில்லை. கண்ணுக்குள்ளே ஊசி மட்டும் குத்திக்க மாட்டேன்!"

இரண்டு வருஷமாக என் மாமியாரின் பல்லவி இதுதான். வலது கண்ணில் புரை. எங்கள் வாலாஜாபாத் பக்கத்தில் 'கண்ணில் சதை வளர்ந்திருக்கு' என்பார்கள். அரிசியில் கல் தெரியவில்லை, கோலத்தில் புள்ளி தப்பியது. அதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டார். ஒருநாள் விடியற்காலையில் கொல்லைப்படி தெரியாமல் விழுந்து மணிக்கட்டைப் பிசக்கிக்கொண்டார். இனிமேல் தள்ளிப்போடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

அவர் பயத்துக்குக் காரணம், அடுத்த தெருப் பாட்டி சொன்ன கதை. "முழிச்சிருக்கும்போதே கண்ணைத் தோண்டுவாங்க" என்றாராம். மறுத்துப் பேச எனக்கும் விஷயம் தெரியாது. ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் கேட்கத் தெரியுமே! ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து டாக்டரையும் நர்ஸையும் துளைத்தெடுத்துவிட்டேன். கேட்டதையும் படித்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில்...

தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் வைத்தியத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து எழுதி வைத்த குறிப்புகள் சரஸ்வதி மஹாலில் இன்றும் இருக்கின்றன. சென்னை எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. ஆனால் அந்த நாளில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து கிடையாது. நாலு பேர் பிடித்துக்கொள்ள, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நினைத்தாலே நடுங்குகிறது!

1884-ல்தான் விடிவு வந்தது. வியன்னா நகரத்தில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கோக்கெய்ன் நாக்கில் பட்டால் நாக்கு மரத்துப்போவதைக் கவனித்தார். கண்ணும் மரத்துப்போகுமோ என்று முதலில் தவளைக் கண்ணிலும், பிறகு தன் கண்ணிலும் விட்டுப் பார்த்தார். குண்டூசியின் தலையால் தொட்டார், வலிக்கவில்லை! ஹைடல்பர்க் டாக்டர்கள் மாநாட்டுக்குப் போகக்கூட அவரிடம் பணம் இல்லாததால், அவர் எழுதியதை வேறொரு டாக்டர் படித்தாராம். கோக்கெய்ன் தீங்கான போதைப்பொருள் அல்லவா? அதனால் பின்னாளில் வேறு நல்ல மருந்துகள் கண்டுபிடித்தார்கள். இப்போது பெரும்பாலும் போடுவது லிக்னோகெய்ன் போன்றவை. பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதேதான்.

ஊசி எங்கே போடுகிறார்கள்?

புரை ஆபரேஷன் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். இதற்காக பி.பி., சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு முழு மயக்கம் கொடுப்பானேன்? கண்ணை மட்டும் மரக்க வைத்தால் போதும். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்றைக்கு லட்சக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை கொடுக்கிறது என்றால், இந்த முறையும் அதற்குப் பெரிய துணை.

இதில் நாலு விதம் இருக்கிறது.

ஒன்று, கண் உருண்டைக்குப் பின்னால், தசைகளுக்கு நடுவே மருந்து சேரும்படி போடும் ஊசி. கண் சீக்கிரம் அசைவற்றுப்போகும். அபூர்வமாக உள்ளே ரத்தம் கசியவோ, ஊசி படக்கூடாத இடத்தில் படவோ வாய்ப்பு உண்டு என்பதால், இதைப் பல டாக்டர்கள் குறைத்துவிட்டார்கள்.

இரண்டு, கண்ணைச் சுற்றிப் போடும் ஊசி. அவ்வளவு ஆழம் போகாது. மருந்து பரவக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

மூன்று, சொட்டு மருந்தில் மரக்க வைத்து, வெள்ளை விழியின் மேலுள்ள மெல்லிய உறையைத் துளி வெட்டி, முனை மழுங்கிய குழாய் வழியே மருந்து செலுத்துவது. இதில் கூரான ஊசியே இல்லை.

நான்கு, வெறும் சொட்டு மருந்து. வலி தெரியாது. ஆனால் கண் அசையும், ஆகவே நோயாளி ஒத்துழைக்க வேண்டும்.

ஊசி போட்டாலும் அது கருவிழிக்குள் போவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் கீழ் இமைப் பக்கமாகத்தான் போடுகிறார்கள். சுருக்கென்று ஒரு வலி, பிறகு அழுத்தம், அவ்வளவுதான்.

சுருக்குப் பை ரகசியம்

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை" என்றார் மாமியார் கூசாமல்! நெஞ்சுவலிக்காக ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் போடும் மாத்திரை அவர் சுருக்குப் பையிலேயே இருந்தது. சொன்னால் ஆபரேஷனைப் பெரிசாக்கி விடுவார்களோ என்று பயம். நான் எடுத்துக் காட்டினேன்.

"நல்லவேளை சொன்னீங்க. ஊசி போட்டா ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அதுவும் ஆபத்து" என்ற டாக்டர், ரத்தம் பரிசோதித்துவிட்டு, "சொட்டு மருந்தே போதும்" என்றார்.

இரண்டு வருஷம் எந்த ஊசிக்குப் பயந்தாரோ, அந்த ஊசியே இல்லை!

முகத்தைத் துணியால் மூடுவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதனால் வீட்டிலேயே ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. தினமும் மத்தியானம் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, மெல்லிய துண்டைப் போர்த்தி, கால் மணி நேரம் அசையாமல் இருக்கச் சொன்னேன். ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த என் மகன் இதைப் பார்த்துப் பதறிப்போய்விட்டான்!

இதையெல்லாம் மறக்காதீர்கள்

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒவ்வாத மருந்து இருந்தால் சொல்லுங்கள்.
* ஓயாத இருமல், மூச்சிரைப்பு, கை நடுக்கம், காது மந்தம் எதையும் மறைக்காதீர்கள். அசையாமல் படுக்க முடியுமா என்பது முக்கியம்.
* ஆபரேஷன் நடக்கும்போது இருமலோ தும்மலோ வந்தால் தலையை அசைக்காமல் வாயால் சொல்ல வேண்டும்.
* ஊசி போட்டவர்களுக்குச் சில மணி நேரம் இமை தொங்கலாம், இரட்டையாகத் தெரியலாம். கட்டுப் போட்ட கண்ணோடு தனியே நடக்க விடாதீர்கள். மரத்த கண்ணைத் தேய்த்தால் புண்ணாவதுகூடத் தெரியாது.
* வலி அதிகமானாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே டாக்டரிடம் போங்கள்.
* 'புரை நன்றாக முற்றட்டும்' என்பது பழைய பேச்சு. பார்வை வேலைக்குத் தடையாகும்போதே காட்டிவிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கும் பிறவியிலேயே புரை இருக்கலாம். கண்மணிக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். குழந்தை அசையாமல் இருக்காதாகையால் முழு மயக்கத்தில்தான் ஆபரேஷன். அதற்கென்று மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பார்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த மாமியாரிடம், "வலிச்சுதா அத்தே?" என்றேன்.

"கலர் கலரா வெளிச்சம் தெரிஞ்சுது. தண்ணி ஊத்தற மாதிரி இருந்துது. எப்ப ஆரம்பிப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், முடிஞ்சுதுன்னுட்டாங்க!"

மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார். "ஏண்டியம்மா, உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?" என்றார். நாற்பது தாண்டியும் என்னை இளமையாகவே காட்டிக்கொண்டிருந்த அந்தப் புரையைப் பற்றி அன்றைக்கு ஒருநாள்தான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்!