ஒரு ராத்திரிக் காவல்: மலைமேல் திருமண கேக்

மைதாவும் சர்க்கரையும் விற்கும் நமக்குத் திருமண கேக்கோடு என்ன வேலை என்று அன்பர்கள் நினைக்கலாம். ஏற்காட்டில் தேவாலயத் திருமணம் என்றால் அடுக்கு கேக் உண்டு. இப்போது மற்றவர்களின் வரவேற்புகளிலும் அது வந்துவிட்டது. கேக் முதல் நாளே வந்து சேரும். "அண்ணே, ஒரு ராத்திரி உங்கள் கடையில் இருக்கட்டும்" என்று பழகிய வாடிக்கையாளர் கேட்டால் மறுக்க முடியுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். மலையில் என்னிடம் சரக்கெடுக்கும் மளிகைக்காரர் ஒருவர், மகள் திருமணத்திற்குச் சேலத்திலிருந்து மூன்றடுக்கு கேக் வரவழைத்தார். எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். "உங்கள் சரக்கறை குளிர்ச்சிதானே, பூட்டும் இருக்கிறது" என்றேன். பெருங்காயமும் கருவாடும் இருந்த அறை அது! மறுநாள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டி வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. மணப்பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. தேயிலை மூட்டைக்கு அருகில் சோப்பை அடுக்காத நமக்கு, வெண்ணெயும் வாசனையை இழுக்கும் என்று தோன்றியிருக்க வேண்டாமா?

அதன்பின் கேக் செய்பவர்களிடம் கேட்டு அறிந்தவை இவை.

முதலில், மேல்பூச்சு என்னவென்று கேளுங்கள். க்ரீம் என்றால் குளிர்பெட்டி அவசியம். அதில் மீன், வெங்காயம் கூடாது. வெளியே எடுத்தவுடன் அட்டைப்பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர் தணியும்வரை மூடியே இருந்தால், பனித்துளி பெட்டிமேல் படியும், கேக்மேல் படியாது. முட்டை வெள்ளைக்கருவும் பொடிச்சர்க்கரையும் கலந்த கெட்டிப் பூச்சுக்கோ ஈரம்தான் எதிரி. அதற்குக் குளிர்பெட்டி வேண்டாம். ஏற்காட்டு மூடுபனி உள்ளே வராதபடி சன்னலைச் சாத்திய, உலர்ந்த அறை போதும்.

உலர்பழக் கேக் பல வாரம் தாங்கும். எண்ணெய்த்தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டின்னில் வைக்கலாம். இலங்கையில் திருமணத்திற்குச் செறிவான பழக்கேக்கைச் சிறு துண்டுகளாக்கி, தாளில் பொதிந்து விருந்தினருக்குக் கொடுக்கும் வழக்கம் இருப்பதும் இந்தத் தாங்கும் குணத்தால்தான்.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடுக்கியபடியே கொண்டுவந்தால் சாயும். ஒவ்வொரு அடுக்கும் தனி அட்டைமேல், தனிப் பெட்டியில் வரட்டும். காரின் இருக்கை சரிவானது. சமதளமான பின்பகுதியில், வழுக்காத ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். மேலடுக்கின் பாரத்தைக் கீழடுக்கினுள் செருகிய குச்சிகள் தாங்க வேண்டும். மண்டபத்தில் அடுக்கும்போது, செய்தவரின் ஆள் ஒருவர் உடனிருப்பது நல்லது.

எறும்புக்கு நம் பழைய முறையே போதும்: மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வெயில் படும் இடத்தில் பூக்களின் சாயம் வெளுக்கும். ஊதுபத்தி, கற்பூரம் அந்த அறைக்குள் வேண்டாம். மின்வெட்டு வந்தால் குளிர்பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள்.

இந்த வசதி இல்லையென்றால், "என் கடையில் இடம் சரிப்படாது" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அதில் குறைவொன்றும் இல்லை. ஒரு மூட்டை சர்க்கரை நனைந்தால் வேறு மூட்டை கொடுத்துவிடலாம். கல்யாண நாளைத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் சரக்கு இல்லை.