எஞ்சின் ஏன் இடிக்கிறது?

இலஞ்சியைத் தாண்டிப் புளியரை மலை வளைவில் ஏறும் பழைய பைக் ஒன்று 'டொக் டொக்' என்று இடிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? வேகத்துக்காக ஹெட்டைத் தேய்த்த வண்டியாக இருக்கலாம். தேய்த்தால் எரியும் அறை சுருங்குகிறது. அழுத்தமும் திறனும் கூடுகின்றன. ஆனால் பிளக் மூட்டிய தீ பரவி வருமுன்பே, மூலையில் நெருக்குண்ட கலவை தானாக வெடித்துவிடுகிறது. அந்த இடிதான் சத்தம்.

இதைத் தாங்கும் ஆற்றலின் அளவே ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0. நம் சாதாரணப் பெட்ரோலுக்கு முன்பு 91 இருந்தது. தேய்க்காத பழைய எஞ்சினுக்கு விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் வேகம் கூடாது, காசுதான் கரையும்!

அடுத்தது கார்புரேட்டரில் உள்ள ஜெட். நடுவே மெல்லிய துளையுள்ள பித்தளைத் திருகு அது. பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். சிலர் காற்று வடிகட்டியைக் கழற்றிவிடுகிறார்கள். காற்று மிகுந்து, பெட்ரோல் போதாமல், பிஸ்டன் சூடேறி உச்சியில் ஓட்டையே விழலாம். அதற்குப் பெரிய துளையுள்ள ஜெட் வேண்டும்; ஆக்டேனைக் கூட்டி ஈடுசெய்ய முடியாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் அதிகம், காப்பிப்பொடி நிறமானால் சரி. கொடைக்கானல் உயரத்தில் காற்று மெலிவு. இலஞ்சியில் சரியாக இருந்த ஜெட் அங்கே பிளக்கைக் கறுக்க வைக்கும்.