சாலையோரக் கற்கள் சொல்லும் சரித்திரம்

மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து, "சாமி, சரித்திரப் புத்தகத்தில் தஞ்சாவூர் வருகிறது, மதுரை வருகிறது. நம் செம்பாக்கம் பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாதா?" என்று கேட்டான். வீடுகள் நெருங்கி வளர்ந்து, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஊரில் வளரும் பிள்ளை அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. அவனுக்குச் சொன்ன பதிலையே நம் வாசகக் குடும்பங்களுக்கும் கூற விரும்புகிறோம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் சைதாப்பேட்டை வரை ஒருமுறை போய்வந்தால் போதும். சரித்திரம் வழியெங்கும் கல்லாய் நிற்கக் காணலாம்.

முதலில் பல்லாவரம். 1863 மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் இங்கே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதிமனிதன் தன் கையால் செதுக்கிய கருவி. இந்திய நாட்டில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே அக்கல்லிலிருந்துதான். அதே பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. மன்னனின் விருதுப் பெயர்கள் அதன் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அக்குகை இசுலாமியச் சகோதரர்களின் தர்காவாக விளங்குகிறது.

அடுத்து நம் பரங்கிமலை. திருப்பயணிகள் பலரும் கவனியாது கடந்து செல்லும் மார்பளவுச் சிலை ஒன்று அங்கே உள்ளது. அது வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் சிலை. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் தொடங்கி, நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு, பரங்கிமலைப் பகுதியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் நேர்கோடு ஒன்றை அவர் அளந்தார். அக்கோட்டினை அடிப்படையாகக் கொண்டு எழுந்த பெருநில அளவையின் தொடர்ச்சியாகத்தான் எவரெஸ்ட் சிகரத்தின் உயரமும் பின்னாளில் கணக்கிடப்பட்டது. பெரும்பாக்கமோ நம் செம்பாக்கத்திலிருந்து சிறிது தொலைவே!

மலையேறும் படிக்கட்டுகளை அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியக் கிறிஸ்தவ வணிகர். திருப்பயணிகள் அடையாற்றை இடரின்றிக் கடக்கவேண்டுமென்று, 1726-இல் சைதாப்பேட்டையில் தம் சொந்தச் செலவில் பாலமொன்றும் கட்டினார். அதைப் பராமரிக்க நிதியும் ஒதுக்கிவைத்தார். மர்மலாங் பாலம் என வழங்கிய அப்பாலம் இன்று இல்லை. அவ்விடத்தில் 1966-இல் எழுந்த புதிய பாலம் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் உஸ்கான் நாட்டிய கல்வெட்டு பாலம் போனபின்னும் எஞ்சியது. அதிலுள்ளவை பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மொழிகள். நாள்தோறும் அவ்வழியே விரைவோரில் அவற்றைப் படிக்க வல்லவர் எத்தனை பேர்? அறிந்தவர் எடுத்துச் சொன்னாலன்றி அக்கல் ஊமையே.

படிக்கத் தெரியாதவரையும் மனத்திற்கொண்டு கல் நாட்டியவர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த பழைய காதக் கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தோடு இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வழிப்போக்கனும் விரலால் தொட்டு எண்ணித் தன் வழித்தொலைவை அறிந்துகொள்ளலாம்.

இதனினும் உள்ளத்தை உருக்குவது சுமைதாங்கிக் கல். நிறுத்திய இரு கற்களின்மேல் குறுக்கே ஒரு கல், அவ்வளவே. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் துணையின்றியே சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதனை நாட்டுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையோடு சென்றவளின் பெயரால் ஊர்பேர் தெரியாதவர்களின் சுமையேனும் இறங்கட்டும் என்று எண்ணிய அந்த ஏழை உள்ளங்கள் எத்துணை உயர்ந்தவை!

இத்தகைய கற்களுக்கு இன்று வந்துள்ள ஆபத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, கல் புதைகிறது. சாலையை அகலப்படுத்தும்போது இயந்திரத்திற்குக் கல்வெட்டும் ஒன்றுதான், வெறுங்கல்லும் ஒன்றுதான். இதில் தீய எண்ணம் கொண்டவர் எவருமில்லை. அக்கல்லைப் பற்றி வாய் திறக்க ஊரில் ஒருவர் இல்லாததே குறை.

ஆகவே பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் இது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று இக்கற்களைக் காட்டுங்கள். நம் ஊர்ப்பக்கத்தில் எழுத்துள்ள கல்லோ சுமைதாங்கியோ கண்டால், அதன்மேல் வண்ணம் பூசாதீர்கள், சுவரொட்டி ஒட்ட விடாதீர்கள். இருக்குமிடத்தைக் குறித்துவைத்து, சாலைவேலை தொடங்குமுன் தொல்லியல் துறைக்கோ மாநகராட்சிக்கோ எழுதித் தெரிவியுங்கள்.

கேள்வி கேட்ட சிறுவனுக்கும் நாம் ஒரு வேலை கொடுத்தோம். இவ்வூர்ச் சாலையோரத்தில் முன்பு என்னென்ன கற்கள் இருந்தன என்று தன் பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னோம். அடுத்த ஞாயிறு இரண்டு பக்கம் நிறைய எழுதி வந்தான். உங்கள் இல்லத்திலும் ஒரு பாட்டி இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.