அலகநந்தா என்னும் சேய்மைச் சுருள்மண்டலம்

குற்றாலத்து அருவியில் நீராடியோர் ஒன்றை அறிவர். கீழே வெயில் எறிக்கும். ஆயினும் அருவி திடீரெனச் செந்நிறங்கொண்டு பெருகும். மலைமேல் மழை பெய்திருக்கின்றதென்று அப்பொழுது உணர்கின்றோம். நாம் உணரும் அந்நேரத்தில் அம்மழை நின்றே போயிருத்தலுங் கூடும். நீர் கொணர்ந்தது பழைய செய்தியே. விண்ணிலிருந்து வரும் ஒளியும் இத்தன்மையதே.

ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஓராண்டில் அது கடக்குந் தொலைவை ஒளியாண்டு என்பர். ஞாயிற்றின் ஒளி நம்மை அடைய 8 நிமிடத்திற்குச் சற்று மேலாகும். ஆந்திரமேதா என்னும் அண்டை மண்டலத்தின் ஒளிக்கோ 25 இலட்சம் ஆண்டு வேண்டும். ஆதலின், எத்துணைத் தொலைவு நோக்குகின்றோமோ அத்துணைப் பழமையையே நோக்குகின்றோம்.

அத்தகைய பழஞ்செய்தியொன்றை நம் நாட்டினர் இருவர் 2025ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். புனே நகரிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சார்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வடதேகர் என்பாரே அவ்விருவர். 2021 டிசம்பர் 25ஆம் நாள் விண்ணிற் செலுத்தப்பெற்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களை ஆராய்ந்தபொழுது, ஏபெல் 2744 என்னும் மண்டலக் கூட்டத்திற்கு நெடுந்தொலைவு பின்னே, இரு கைகள் ஒத்துச் சுற்றிய சுருள்மண்டலம் ஒன்றை அவர்கள் கண்டனர். முன்னிற்கும் அக்கூட்டத்தின் ஈர்ப்பு, பின்னிருந்து வரும் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடிபோல் ஏறத்தாழ இருமடங்காக்கிக் காட்டிற்று.

அம்மண்டலத்திற்கு இமயத்துப் பேராறாகிய அலகநந்தாவின் பெயரை இட்டனர். அவ்வாற்றோடு கலக்கும் உடன்பிறப்பு மந்தாகினி; நாம் வாழும் ஆகாயகங்கைக்கும் இந்தி மொழியில் அதுவே பெயர். நம் மண்டலத்தை ஒத்ததற்கு உடன்பிறந்த ஆற்றின் பெயர் பொருந்துமன்றோ!

இனி அதன் இயல்புகளைக் கூறுவாம். வெளி விரியுந்தோறும் அதன்வழி வரும் ஒளியலையும் நீளும். அலகநந்தாவின் ஒளியலை ஏறத்தாழ ஐந்து மடங்கு நீண்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியாய் வந்து சேர்கின்றது. இந்நீட்சியைக் கொண்டு, அவ்வொளி சுமார் 1,200 கோடி ஆண்டு வழிநடந்தது எனக் கணித்தனர். நம் ஞாயிறும் நிலவுலகும் தோன்றியபொழுது அது பாதி வழிக்கு மேல் கடந்திருந்தது! மண்டலத்தின் குறுக்களவு ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு. அதன் விண்மீன்களின் மொத்தப் பொருண்மை நம் ஞாயிற்றைப்போல் 1,000 கோடி மடங்கிற்கும் மேல். ஆண்டுதோறும் சுமார் 60 ஞாயிறுகளுக்கு ஒப்பான பொருள் ஆங்குப் புது விண்மீன்களாய்த் திரள்கின்றது. இது நம் மண்டலத்தின் இற்றைநாள் அளவினும் இருபது மடங்கிற்குக் குறையாதது.

இதனால் விளைந்த வியப்பு யாது? அண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. நாம் காணும் அலகநந்தா, அண்டந் தோன்றி 150 கோடி ஆண்டே கழிந்த காலத்தது. அழகிய சுருள் அமைதற்கு அடங்கிச் சுழலும் தட்டொன்று வேண்டும். ஆதிக்காலத்து மண்டலங்களோ மோதியுங் குழம்பியும் ஒழுங்கற்றுக் கிடந்தன என்றும், இத்தகைய ஒழுங்கிற்குப் பல நூறு கோடி ஆண்டு செல்லுமென்றும் வானநூலார் பலர் கருதியிருந்தனர். அக்கருத்து இன்று தளர்ந்துள்ளது. குளிர்ந்த வாயு மெல்ல மெல்லச் சேர்ந்ததாற் கைகள் எழுந்தனவோ, சிறு மண்டலமொன்று அணுகி இழுத்ததால் எழுந்தனவோ, இன்னும் துணியப்படவில்லை. அத்தட்டின் சுழற்சியை அளந்தாற் சிறிது தெளிவு பிறக்கும்.

விடுமுறையில் திருவேங்கடத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அமர்ந்து இவற்றை ஆச்சிக்குச் சொன்னேன். மின்சாரம் நின்றிருந்த இரவு. கரிசற் காட்டின்மேல் விண்மீன்கள் நிறைந்திருந்தன. எல்லாங் கேட்டபின் ஆச்சி, "அது இப்பவும் அங்கே இருக்கா, ஐயா?" என்றார். விடை கூற இயலாது விழித்தேன்.

கல்லூரி திரும்பிப் படித்தறிந்தது இது: அது மாறியிருக்கும், வேறொன்றோடு கலந்துமிருக்கலாம். வெளி விரியும் வேகத்தால், இன்று ஆங்கிருந்து புறப்படும் ஒளி இனி ஒருகாலும் நம்மை எட்டாதென்பது இற்றைநாட் கணக்கு. ஆகவே ஆச்சியின் வினாவிற்கு நேர்விடை எவருக்குங் கிட்டாது.

நண்பர்காள்! இதனை எண்ணி நான் முதலில் வருந்தினேன். பின்னர்க் குற்றாலத்தை நினைந்தேன். மலையுச்சி மழையை நாம் காணவில்லை. ஆயினும் அது பெய்ததென்பதை ஐயுறுவாரில்லை. 1,200 கோடி ஆண்டிற்கு முற்பட்ட செய்தியொன்று வழியில் அழியாது வந்து, படிக்கத்தக்கதாய் நம் கையில் இருக்கின்றது. இதனை அடுத்த விடுமுறையில் ஆச்சிக்குச் சொல்லுவேன்.